புஷ்பவல்லி சொன்ன சீமெண்ணெய் விலை

மான்மவுத் ஜங்ஷனில் எங்கள் டவுன்ஹவுஸ் வரிசையிலிருந்து காலையில் கிளம்பும் கார்கள் எல்லாம் ரூட் ஒன்று பக்கம்தான் திரும்பும். கம்ப்யூட்டர் ஆபீஸ்கள் அந்தப் பக்கம். புஷ்பவல்லியின் பழைய டொயோட்டா மட்டும் எதிர்ப்பக்கம் போகும். வயல்களைத் தாண்டி, ரயில் பாதையைக் கடந்து, மரங்களுக்கு நடுவே இருந்த ஒரு சின்ன எண்ணெய்க் கம்பெனிக்கு. மூன்று டாங்கர் லாரிகள், பின்புறம் சில பெரிய தொட்டிகள், முன்னால் ஒற்றை அறை ஆபீஸ். அந்த அறையில் உட்கார்ந்து போனில் விலை சொல்வதுதான் அவர் வேலை.

நியூஜெர்சியில் பழைய வீடுகளின் பேஸ்மெண்டில் ஓர் இரும்புத் தொட்டி இருக்கும். அதில் எண்ணெய் இருந்து, ஃபர்னஸ் என்கிற உலை எரியும் வரைதான் வீட்டில் சூடு. எங்கள் வீடுகளுக்குக் குழாய் வழியாக கேஸ் வந்துகொண்டிருந்ததால், எண்ணெயால் சூடாகும் வீடுகள் பக்கத்திலேயே ஆயிரக்கணக்கில் இருக்கின்றன என்பதே எங்களுக்கு அவர் சொல்லித்தான் தெரியும்.

அவர் கோபிசெட்டிபாளையத்துக்காரர். பி.காம். படித்தவர். கணவர் வெள்ளியங்கிரி புரோகிராமர். தொண்ணூற்றிரண்டில் அவரோடு இங்கே வந்தபோது இவருக்குக் கிடைத்தது வேலை செய்ய அனுமதி இல்லாத விசா. ஓவியா பிறந்தாள். பகலெல்லாம் ரேடியோவைப் போட்டு வைத்து, டிராஃபிக் சொல்கிற பெண்ணின் ஆங்கிலத்தை அப்படியே திருப்பிச் சொல்லிப் பழகுவார். நானே ஒருநாள் கதவைத் தட்டப் போய், உள்ளே யாரோ டர்ன்பைக் நெடுஞ்சாலையில் ஆக்ஸிடெண்ட் என்று சொல்வதைக் கேட்டுத் திகைத்து நின்றிருக்கிறேன். தொண்ணூற்றேழில் கிரீன் கார்டு வந்தது. வந்த வாரமே வேலை தேடக் கிளம்பிவிட்டார்.

எண்ணெய்க் கம்பெனியின் முதலாளி பெயர் ரே. அறுபது வயது, எப்போதும் பாதி மூடிய கண். "போன்ல பேசுவீங்களா?" என்று கேட்டார். பதில் சொல்வதற்குள் மேஜை மேலிருந்த போன் அடித்தது. ரே அதை அப்படியே இவர் பக்கம் நகர்த்தினார்.

அந்தப் பக்கம் காது கேட்காத ஒரு கிழவர். சுவரில் மாட்டியிருந்த வெள்ளைப் பலகையைப் பார்த்து இவர் விலை சொன்னார். கிழவருக்குக் கேட்கவில்லை. மறுபடி சொன்னார். மறுபடியும். ஒவ்வொரு தடவையும் இன்னும் மெதுவாக, ஆனால் குரலில் ஒரு சுருக்கம்கூட விழாமல். கடைசியில் கிழவர் சிரித்துவிட்டு நூற்றைம்பது கேலன் ஆர்டர் கொடுத்தார்.

"திங்கக்கெழமை வந்துடுங்க" என்றார் ரே.

பெயர்தான் தகராறு. 'வல்லி' என்று சுருக்கியும் அவர்கள் வாயில் 'வேலி' என்றுதான் வந்தது, பள்ளத்தாக்குக்கு அவர்கள் சொல்லும் சொல். இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

முதல் வாரத்திலேயே அவருக்கு ஒரு சந்தேகம். பலகையில் மூன்று விலைகள் இருந்தன. வீட்டு எண்ணெய் மலிவு. அதற்கு மேல் டீசல். எல்லாவற்றுக்கும் மேலே சீமெண்ணெய். முதலாளி வரிசையை மாற்றி எழுதிவிட்டார் என்றே நினைத்தார். சீமெண்ணெய் என்றால் ரேஷன் கடைப் பொருள், இருப்பதிலேயே மலிவானது. அப்படித்தான் அவருக்குத் தெரியும். ஊரில் பங்க்காரன் டீசலில் சீமெண்ணெய் கலந்தால் போலீஸ் வரும். இங்கே குளிர் வந்தால் டிரைவர்கள் அதிக விலை கொடுத்து, டீசலில் சீமெண்ணெயைத் தாங்களே கலந்துகொள்கிறார்கள்!

கேட்டதும் ரே தோளைக் குலுக்கினார். "எப்பவும் அப்படித்தான்."

லாரி டிரைவர் ஏர்ல் கேட்டுக்கொண்டிருந்தார். நெடு நெடுவென்று உயரமான கறுப்பர். இருபது குளிர்காலம் எண்ணெய் ஊற்றியவர். "நாளைக்குக் காலையில வாங்க, காட்டறேன்" என்றார்.

மறுநாள் காலை ஆபீஸ் வாசற்படியில் இரண்டு கண்ணாடி ஜாடிகள் இருந்தன. ஏர்ல் இரவே வெளியில் வைத்திருந்தார். ஒன்றில் சீமெண்ணெய், சுனைத் தண்ணீர் மாதிரி. மற்றதில் வீட்டு எண்ணெய். முந்தின நாள் மாதுளைச் சாறு போலத் தெளிந்திருந்த அந்தச் சிவப்பு எண்ணெய் இப்போது கலங்கிப்போய், உள்ளே வெள்ளை வெள்ளையாகத் திரி ஓடி, ஜாடியைச் சாய்த்தால் நகர யோசித்தது.

புஷ்பவல்லி குனிந்து பார்த்தபடியே இருந்தார். அவர் வீட்டுக் குளியலறை ஜன்னலில் தேங்காய் எண்ணெய் பாட்டில் நவம்பர் பிறந்ததும் இப்படித்தான் இறுகிப்போகும்.

"இதுக்குள்ள மெழுகு இருக்கு," என்றார் ஏர்ல். "தொட்டி பேஸ்மெண்ட்ல இருந்தா கவலையில்ல. வெளியில நிக்கற தொட்டின்னா குழாய் அடைச்சுக்கும். சீமெண்ணெய் எந்தக் குளிருக்கும் ஓடும். அதுக்குத்தான் அந்த விலை. பிளேனுக்கு ஊத்தறதும் ஏறக்குறைய அதேதான். மேல போனா எவ்வளவு குளிர்னு தெரியுமில்ல?"

"அப்ப டீசல்?"

"டீசலும் இந்தச் சிவப்பும் அண்ணன் தம்பி. ரோட்டுல ஓடறதுக்கு வரி உண்டு, கொஞ்சம் கந்தகம் எடுத்துச் சுத்தம் பண்ணணும். வீட்டுல எரிக்கறதுக்கு வரி இல்ல. வரி கட்டாததை யாரும் லாரியில ஊத்தி ஓட்டிடக் கூடாதுன்னு கவர்மெண்ட் சாயம் போட்டுடுது."

ரேஷன் சீமெண்ணெய் நீலமாக இருந்தது ஏன் என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது. இரண்டு அரசாங்கங்கள், பூமிக்கு இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று. இரண்டும் ஒரே மாதிரி சந்தேகப்பட்டு ஒரே மாதிரி சாயம் கலந்திருக்கின்றன.

அன்று சாயங்காலம் வெள்ளியங்கிரி ஷூவைக் கழற்றுவதற்குள் புஷ்பவல்லி ஆரம்பித்துவிட்டார்.

"ஏனுங்க, நாம பிளேன்ல வந்தமில்லீங்க, அதுல என்ன ஊத்தியிருந்தாங்கன்னு தெரியுமுங்களா?"

"பெட்ரோலு?"

"சீமெண்ணெயுங்க! நாம சீமைக்கு வந்ததே சீமெண்ணெயிலதானுங்க!"

வெள்ளியங்கிரி ஒரு ஷூவோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அட, நெசமாவா புள்ளெ?"

இதைப் புஷ்பவல்லி எங்கள் தெருவில் எல்லோருக்கும் சொன்னார். கோவிலில் பார்த்தவர்களுக்கும் சொன்னார். சிலர் சிரித்தார்கள். அவர் சொல்லும்போது கண் விரியுமே, அதைப் பார்ப்பதற்காகவே நான் இரண்டாவது தடவையும் கேட்டேன்.

அதற்குப் பிறகு விலை சொல்வது அவருக்கு வெறும் எண் சொல்வதாக இல்லை. யார் வீட்டுத் தொட்டி உள்ளே, யாருடையது வெளியே, யார் வீட்டில் கைக்குழந்தை, எந்தப் பண்ணையில் எத்தனை டிராக்டர் என்று எல்லாம் மனதில் பதிந்துபோயிற்று. குரலைக் கேட்டே ஆளைச் சொல்வார். தொண்ணூற்றெட்டுக் குளிர்காலத்தில் எண்ணெய் விலை தரையில் கிடந்தது. விலையைச் சொன்னதும் ஜனங்கள் "தேங்க் யூ வேலி" என்றார்கள், அவரே தன் கையால் குறைத்துக் கொடுத்த மாதிரி.

இரண்டாயிரம் பிறந்த அன்று வெள்ளியங்கிரி ஆபீஸிலேயே இருந்தார். கம்ப்யூட்டர்கள் வருஷத்தைத் தப்பாகப் படித்து உலகமே நின்றுவிடும் என்ற பயம். தெருவில் பாதிப் பேர் தண்ணீர் கேனும் மெழுகுவர்த்தியும் வாங்கி அடுக்கியிருந்தோம். ஒன்றும் ஆகவில்லை. தப்பித்தோம் என்று பொங்கல் வைத்தோம்.

பொங்கல் கழிந்ததும் குளிர் வந்தது.

அதுவரை அந்த வருஷம் குளிர் பேருக்குத்தான் இருந்தது. யாரும் அதிகம் எண்ணெய் சேர்த்து வைக்கவில்லை. திடீரென்று கனடா பக்கமிருந்து காற்று இறங்கி, குளங்கள் உறைந்து, ஆறு உறைந்து, நியூயார்க் துறைமுகத்தில் பனிக்கட்டி மிதக்க ஆரம்பித்தது. எண்ணெய்ப் படகுகள் தாமதமாயின. எல்லா ஊரும் ஒரே நேரத்தில் எண்ணெய்க்குக் கை நீட்டியது. ரே காலையில் பலகையில் ஒரு விலை எழுதுவார், மத்தியானம் துடைத்துவிட்டு இன்னொன்று எழுதுவார். வீட்டு எண்ணெய் ஏறியதும், அண்ணன் தம்பி என்பதால் டீசலும் கூடவே ஏறியது. டர்ன்பைக்கில் லாரிக்காரர்கள் ஓரம் கட்டி நின்றார்கள். தலைநகரத்துக்கே வண்டியோடு போய் முறையிடப் போகிறோம் என்று டிவியில் சொன்னார்கள்.

போனில் அந்த விலையைச் சொல்ல வேண்டியவர் புஷ்பவல்லி. சிலர் கத்தினார்கள். ஒருவர், "உங்க ஊர்லேர்ந்து வந்து எங்களைக் கொள்ளையடிக்கறீங்களா?" என்றார். அதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். விலையைக் கேட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் மூச்சு மட்டும் விடுகிறவர்களைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

எல்லாவற்றையும் விட சீமெண்ணெய்தான் எகிறியது. மற்ற வருஷங்களில் வீட்டு எண்ணெய்க்கும் அதற்கும் இருபது முப்பது சென்ட் வித்தியாசம் இருக்கும். இப்போது அந்த வித்தியாசமே இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. வெளியே தொட்டி வைத்திருந்தவர்கள் சிவப்பு எண்ணெய் விலையைக் கேட்க ஆரம்பித்தார்கள்.

அப்படித்தான் டோரதி கூப்பிட்டார். டோரதி, வயல்களுக்கு அப்பால் ஒரு டிரெய்லர் பார்க்கில் இருந்தவர். இழுத்துக்கொண்டு வந்து வரிசையாக நிறுத்திய தகர வீடுகள். பேஸ்மெண்ட் கிடையாது, தொட்டி வாசலில் நாலு காலில் நிற்கும். ஆஸ்பத்திரி கேண்டீனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கூட தொண்ணூறு வயது அம்மா.

"வேலி, சிவப்பு என்ன விலை?"

"டோரதி, உங்க தொட்டி வெளியிலதானே இருக்கு? உங்களுக்கு சீமெண்ணெய் அனுப்பணும்."

"அதை நான் கேக்கல. சிவப்பு என்ன விலை?"

சொன்னார்.

"அதையே அனுப்பு."

"வேண்டாம் டோரதி. குளிர் இன்னும் எறங்கப்போகுதுன்னு ரேடியோல சொல்றாங்க. குழாய்ல மெழுகாயிடும். அம்மா வேற இருக்காங்க."

"அம்மா இருக்கறதாலதான் கேக்கறேன்" என்றார் டோரதி. "கையில இருக்கறதுக்கு சீமெண்ணெய் வாங்கினா பாதித் தொட்டிதான் வரும். அது தீர்ந்தா நான் என்ன பண்ணட்டும்? அதையும் நீயே சொல்லு."

புஷ்பவல்லி பலகையை நிமிர்ந்து பார்த்தார். டோரதி வேறு கம்பெனியில் சிவப்பு தருகிறார்கள் என்று சொல்லி போனை வைத்துவிட்டார். அன்று முழுக்க எந்த போனை எடுத்தாலும் அந்தக் கேள்வி காதில் இருந்ததாகப் பின்னால் என்னிடம் சொன்னார்.

இரண்டொரு நாளில் ரேயின் சீமெண்ணெய்த் தொட்டியே அடி தட்டிவிட்டது. "எப்ப வரும், எப்ப வரும்" என்று போனில் கேட்கிறார்கள். என்ன சொல்வது? புஷ்பவல்லி முதலாளியிடம் போய் நின்றார்.

"ரே, இந்த எண்ணெய் எங்கேர்ந்து வருதுன்னே நான் பார்த்ததில்ல. பார்க்காம நான் என்ன பதில் சொல்றது?"

ரே கண்ணைத் திறந்து பார்த்தார். "சனிக்கிழமை ஏர்ல் டெர்மினலுக்குப் போறான், படகுலேர்ந்து எண்ணெய் எறக்கற எடம். கூடப் போய்ப் பாருங்க. உள்ள விட மாட்டாங்க, கேட் கிட்ட இருந்துக்குங்க."

சனிக்கிழமை விடியும்போது ஏர்லின் லாரியில் ஏறி உட்கார்ந்தார். ஓவியாவுக்குக் கம்பளி நூலில் பின்னிய தொப்பியைத் தன் தலையில் மாட்டிக்கொண்டு போனதாகச் சொன்னார். தன்னுடையது அந்தக் குளிருக்குப் போதவில்லை. டர்ன்பைக்கில் வடக்கே போய், ஸ்டேட்டன் தீவுக்கு எதிரே கடல் கால்வாய் போல உள்ளே வரும் இடத்தில் டெர்மினல். சாலையோரம் கண்ணுக்கு எட்டிய தூரம் டாங்கர் லாரிகள் வரிசை. வேலிக்கு அந்தப் பக்கம் வெள்ளைத் தொட்டிகள், ஒவ்வொன்றும் ஒரு சினிமா கொட்டகையைத் தூக்கி உள்ளே வைக்கலாம் போல. அத்தனை பெரிய தொட்டிகளும் காலி என்றார் காவல் அறையில் இருந்தவர்.

தண்ணீர் தெரியவில்லை. பனிக்கட்டிப் பாளங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, வெயில் பட்டு, உடைந்த தரை மாதிரிக் கிடந்தன. சத்தமே இல்லை. லாரிக்காரர்கள் இறங்கி வேலியோரமாக நின்றிருந்தார்கள். ஏர்லும் நின்றார். இவரும் போய் நின்றார்.

முதலில் காதுக்கு ஒரு முனகல் வந்தது. அப்புறம் கால்வாயின் மேல் இருந்த பாலத்துக்குக் கீழே ஒரு சின்ன இழுவைப் படகின் மூக்கு. அதன் பின்னால், அதைப் போல இருபது மடங்கு நீளத்துக்கு, தண்ணீரில் முக்கால்வாசி மூழ்கிக் கனத்துப் போய், எண்ணெய்ப் படகு. பனிப்பாளம் பிளக்கும் சத்தம் தேங்காய் உடைக்கிற மாதிரித் தொடர்ந்து வந்துகொண்டிருந்தது. படகு நகர்கிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை. அவ்வளவு மெதுவாக, அவ்வளவு பிடிவாதமாக. அத்தனை முரட்டு மனிதர்களும் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். யாரோ ஒருவர், படகைப் பெண்ணாக்கி, "வந்துட்டா" என்றார்.

"எனக்கு உடம்பெல்லாம் சிலுத்துப்போச்சு" என்றார் என்னிடம். "நான் பலகையைப் பார்த்து எண்ணு சொல்லிட்டு இருந்தேன். அந்த எண்ணு ஐஸை உடைச்சுக்கிட்டு வர்றதை அன்னைக்குத்தான் கண்ணால பார்த்தேன்."

படகிலிருந்து இறக்கி, தொட்டியில் ஏற்றி, ஏர்லின் முறை வந்து லாரியை நிரப்பிக்கொண்டு கிளம்பும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. லாரி முழுக்க சீமெண்ணெய். வழியில் லாரியின் வயர்லெஸ் ரேடியோவில் ரேயின் குரல் வந்தது. யார் யாருக்கு ஊற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், கடைசியில், "டோரதி கூப்பிட்டா. ஃபர்னஸ் நின்னுபோச்சாம். சிவப்பை ஊத்திட்டுப் போயிருக்கானுங்க. ஊத்தினவன் இப்ப போன் எடுக்கலையாம்" என்றார்.

புஷ்பவல்லி மைக்கை வாங்கினார். "ரே, அங்க முதல்ல போறோம்."

"அவ நம்மளை விட்டுட்டுப் போனவ. தெரியுமில்ல?"

"தெரியும். போன்ல இருந்தது நான்தானே."

"போங்க" என்றார் ரே. "முதல்ல வீடு சூடாகட்டும். மத்ததை அப்புறம் பேசிக்கலாம்."

டிரெய்லர் பார்க்கில் டோரதி வாசலிலேயே நின்றிருந்தார், இரண்டு கோட்டுக்கு மேல் ஒரு போர்வை. மூன்று வருஷமாகப் போனில் மட்டும் பேசிய இருவரும் அன்றுதான் நேரில் பார்த்துக்கொண்டார்கள்.

"நீ சொன்னே. நான் கேக்கல" என்றார் டோரதி.

"நீங்க கேட்டதுக்கு என்கிட்ட பதில் இல்ல டோரதி. உள்ள போங்க, அம்மாகிட்ட இருங்க."

தொட்டியிலிருந்து சுவரோரமாகப் போகும் விரல் தடிமன் செப்புக் குழாயை ஏர்ல் கழற்றினார். உள்ளே சிவப்பு எண்ணெய் வழியவில்லை. கெட்டியான நெய் மாதிரி பிதுங்கி நின்றது. ஏர்ல் ஃபில்டரை மாற்றினார். தொட்டியில் மேலே சீமெண்ணெய் ஊற்றினால் அது கீழே இறங்கி மெழுகைக் கரைக்கும், ஆனால் குழாயைச் சூடாக்கினால்தான் வழி திறக்கும் என்றார். அவருக்குத் தோள்பட்டை வலி. லாரியிலிருந்து ஹோஸை உருவ முடியாமல் நின்றார். புஷ்பவல்லி ஹோஸைத் தன் தோளில் போட்டுக்கொண்டு பனியில் இழுத்தார். அது எவ்வளவு கனம் என்று அதுவரை அவருக்குத் தெரியாது. இரண்டு தடவை சறுக்கி முழங்கால் ஊன்றி எழுந்தார்.

டோரதி தலை உலர்த்தும் டிரையரைக் கொண்டுவந்து நீட்டினார். எக்ஸ்டென்ஷன் வயரை ஜன்னல் வழியாக விட்டுக் குழாயின் மேல் சூடான காற்றை அடித்தார்கள். அடுத்த வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். அவர் வீட்டிலும் ஃபர்னஸ் காலையிலிருந்து எரியவில்லை. அதற்கடுத்த வீட்டிலும். மலிவு என்று அந்த வரிசையே அதே எண்ணெயை வாங்கியிருந்தது.

வெயில் சாயும்போது அந்தப் பார்க் இருந்த கோலத்தை அவர் எத்தனையோ தடவை எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். வரிசையாகத் தகர வீடுகள். ஜன்னல்களிலிருந்து பனியின் மேல் ஆரஞ்சு வயர்கள். ஒவ்வொரு தொட்டியின் அருகிலும் ஒருவர், கோட்டும் தொப்பியும் மாட்டிக்கொண்டு, தலைக்குப் பிடிக்கிற டிரையரைக் குழாய்க்குப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கிழவர்கள், கர்ப்பிணிப் பெண், பீட்சா கடைச் சட்டையோடு ஒருவர். தன் வீட்டுக் குழாய் திறந்ததும் யாரும் உள்ளே ஓடவில்லை. டிரையரை எடுத்துக்கொண்டு அடுத்த தொட்டிக்குப் போனார்கள். இவர் ஹோஸை இழுத்துக்கொண்டு ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு நடந்தார்.

டோரதியின் வீட்டில் முதலில் 'டப்' என்று ஒரு சத்தம். பிறகு அடிவயிற்றிலிருந்து வருவது போல ஓர் உறுமல். புகைபோக்கியில் வெள்ளையாக மூச்சு எழுந்தது. புஷ்பவல்லி உள்ளே ஓடிப் பார்த்தார். கட்டிலில் கிடந்த டோரதியின் அம்மா, தரையில் இருந்த காற்றுத் துவாரத்துக்கு நேராகக் கையை நீட்டிக்கொண்டிருந்தார். காகிதம் போல மெல்லிய கை. சூடான காற்று வந்து அந்தக் கையில் பட்டதும் விரல்களை மெதுவாக விரித்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

புஷ்பவல்லி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். காலையில் ஐஸை உடைத்துக்கொண்டு வந்த அந்த மலையளவு கனம், இத்தனை கைகள் மாறி, கடைசியில் ஒரு கிழவியின் உள்ளங்கையில் காற்றாக வந்து சேர்ந்திருக்கிறது. அவரும் பக்கத்தில் தன் கையை நீட்டிப் பார்த்தார்.

பிப்ரவரி முடிவதற்குள் எங்கெங்கிருந்தோ கப்பல்கள் வந்து சேர்ந்தன. ஏறிய வேகத்திலேயே விலை இறங்கியது. பார்க்கில் ஊற்றியதற்கு ரே அன்றைய விலையைப் போடவில்லை. குளிருக்கு முந்தைய விலையைத்தான் போட்டார். ஏன் என்று கேட்டதற்கு வழக்கம்போலத் தோளைக் குலுக்கினார்.

மார்ச்சில் ஒருநாள் சாப்பிடும்போது புஷ்பவல்லி பேச்சை எடுத்தார். நானும் அன்று அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க, ஏர்லுக்குத் தோள் ஆபரேஷனாமுங்க. லாரிக்கு ஆள் வேணும்னு ரே தேடறாரு."

"நம்ம பசங்க எவனும் லாரி ஓட்ட மாட்டானுங்களே புள்ளெ."

"பசங்களை ஆரு கேட்டா? நான் லைசென்ஸுக்கு apply பண்ணலாம்னு இருக்கேனுங்க."

வெள்ளியங்கிரி கையில் இருந்த சோறு தட்டிலேயே விழுந்தது. ஓவியா மட்டும், "Mom, like a real truck?" என்றாள். "ரியல் டிரக்தான் கண்ணு" என்றார் இவர்.

கோபியிலிருந்து மாமனார் போன் செய்து, அமெரிக்கா போயும் லாரியா என்று வருத்தப்பட்டார். அதற்கு வெள்ளியங்கிரி சொன்ன பதிலை நான் கேட்டேன். "அவ ஓட்டறதை நானே இன்னும் பார்க்கலீங்கப்பா. பார்த்துட்டுச் சொல்றேன்." சனி ஞாயிறுகளில் ஏர்ல் ஒற்றைக் கையைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து கற்றுக் கொடுத்தார். எரியும் சரக்கு ஏற்றிப் போவதற்குத் தனிப் பரீட்சை. வெள்ளியங்கிரி கேள்வி கேட்க இவர் சமைத்துக்கொண்டே பதில் சொல்வார். ரோடு டெஸ்டில் முதல் தடவை ரிவர்ஸ் எடுக்கும்போது கோட்டைத் தாண்டிவிட்டார். இரண்டாம் தடவை தேறினார்.

கோடையில், யாருக்கும் குளிர் நினைவே இல்லாத ஜூலையில், டிரெய்லர் பார்க்குக்கு வீடு வீடாகப் போனார். விலை ஜனவரியைப் போல இல்லை, இப்போதே தொட்டியில் சீமெண்ணெயை நிரப்பி வையுங்கள், பணத்தை மாதா மாதம் கட்டுங்கள் என்றார். ரேயிடம் முன்பே பேசிச் சம்மதம் வாங்கியிருந்தார். முதலில் கையெழுத்துப் போட்டவர் டோரதி.

அந்த டிசம்பரும் கொடிய குளிர். ஆண்டுக் கடைசியில் கொட்டிய பனியில் எங்கள் கார்கள் புதைந்து கிடந்தபோது, ஒருநாள் தெருமுனையில் பச்சை டாங்கர் ஒன்று வந்து நின்றது. புஷ்பவல்லி இறங்கி வந்து, என் வீட்டில் ஒரு வாய் காபி கேட்டார். கன்னம் காற்றில் வெடித்திருந்தது. கையுறையில் லேசாகச் சிவப்புச் சாயம்.

"பயமா இல்லையாக்கா, அவ்வளவு பெரிய வண்டி?" என்று கேட்டேன்.

காபியை ஊதினார். "பிரேக் போட்டா வண்டி நின்னுடும். ஆனா உள்ள இருக்கற எண்ணெய் நிக்காது. அலையடிச்சு முன்னால வந்து, நம்மளை மெதுவா ஒரு தள்ளு தள்ளும். மொத நாள் எனக்கு உசுரே போயிடுச்சு. இப்ப அந்தத் தள்ளு வந்தா, அடேயப்பா, இத்தனை வீட்டோட சூடு என் முதுகுக்குப் பின்னால உக்காந்திருக்குதேன்னு நெனைச்சுக்குவேன்."

காபியைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தார். கிங்ஸ்டன் பக்கம் ஒரு வீட்டில் தொட்டி காலியாகப் போகிறதாம், புதிதாகக் குழந்தை பிறந்த வீடு. ஏணிப்படி மாதிரி உயரமான அந்த லாரிப் படியில் சேலை கட்டிய பெண்கள் கட்டிலில் ஏறுவது போல ஒருக்களித்து ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணாடியில் பின்பக்கம் பார்த்தார். எங்கள் தெருப் பிள்ளைகள் பனியில் விளையாடுவதை விட்டுவிட்டு வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். லாரி ஒருமுறை இரைந்து, இந்தத் தடவை எங்கள் கார்கள் போகும் ரூட் ஒன்று பக்கமே திரும்பிப் போயிற்று.